வெயில் கோடு

மேஸ்திரி அக்கா வீட்டுக்கு வந்தால் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். நாற்காலி எடுத்துப் போட்டாலும் உட்காரமாட்டார். ஹாலில் திரு இருதய ஆண்டவர் படம் மாட்டியிருக்கும் சுவர் ஓரமாக நின்று, வலது கையில் சொம்பை வாங்கி அண்ணாந்து குடிப்பார். அந்த நேரம் முழுவதும் இடது கை சுவரில் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று பார்ப்பதுபோல, விரல்களின் புறப்பக்கத்தால் தொட்டுக்கொண்டிருப்பார்.

“வீடு எப்படிங்க இருக்கு?”

“வீட்டுக்கு என்ன மேஸ்திரி? நீங்க கட்டுனது. ஜம்முனு இருக்கு” என்பார் அத்தான்.

“இருக்கட்டுங்க, இருக்கட்டும்.”

சொம்பை அக்காவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய், வயலைப் பார்த்த பக்கத்துச் சுவரை ஒருமுறை பார்ப்பார். சில நாள் ஒரு கை சிமெண்ட் கேட்டு வாங்கிக் குழைத்து எதையோ பூசுவார். பிறகு அவருடைய மொபெட் கிளம்பும் சத்தம் கேட்கும்.

“கட்டிக் குடுத்து இத்தனை வருசம் ஆகியும் வந்து பாக்குறாரு பாரு. எந்த மேஸ்திரி வருவான்?” என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். திருத்துறைப்பூண்டிக்கு மேற்கே எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலுமாக அவர் கட்டிய வீடுகள் முப்பத்து நான்கு. எல்லா வீடுகளிலும் இதே பேச்சுதான்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்துகொண்டு, பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றாடம் நடப்பதை நாலு வரி எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், வாய்க்காலில் தண்ணீர் என்றைக்கு வந்தது, எவ்வளவு மழை. பின்னாளில் ஒரு சந்தேகம் வந்து ஒன்பது ஆண்டு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். ‘மேஸ்திரி வந்தார்’ என்ற வரி ஆண்டுக்கு இரண்டு முறை இருந்தது. ஒன்று பங்குனிக் கடைசியில், வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது. மற்றொன்று வாய்க்காலில் தண்ணீர் வந்து பத்துப் பன்னிரண்டு நாளுக்குள். தண்ணீர் தாமதமாக வந்த ஆண்டில் அவரும் அத்தனை நாள் தாமதித்தே வந்திருக்கிறார்.



*

எங்கள் பக்கத்து மண் களி. மாசியில் அறுவடை முடிந்ததும் இறுகத் தொடங்கி, சித்திரையில் பாறை மாதிரி ஆகிவிடும். வெடிப்புக்குள் முழங்கை வரை கை போகும். வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த மாதங்களில்தான் கட்டுவார்கள். லாரி வயல்வழியே வந்து செங்கல் இறக்கும், ஆள் கிடைப்பார்கள், மழை இருக்காது. அதனால் ஊரில் யாருமே அஸ்திவாரக் கடைக்காலுக்கு அடியிலுள்ள மண்ணை ஈரத்தில் பார்த்ததில்லை. கோடையில் பார்த்து, பாறை என்று நம்பி, அதன்மேல் வீட்டை வைத்துவிடுவோம்.

அக்கா வீட்டுக்குக் கடைக்கால் வெட்டிய அன்று நான் அங்கே இருந்தேன். கடப்பாரை இறங்க மறுத்தது. போட்ட போடெல்லாம் டங் டங்கென்று திருப்பி அடித்தது. அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

“பாத்தியளா மேஸ்திரி? நம்ம மண்ணு!”

“யானைய கட்டலாம்ங்க” என்றார் மேஸ்திரி. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, தலையில் உருமால், சட்டைப்பையில் பாதியாகத் தேய்ந்த ஒரு பென்சில். மூன்றடி ஆழம் போதும் என்றார். பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தெளித்த தீர்த்தம்தான் அந்தக் கடைக்காலுக்குள் விழுந்த முதல் ஈரம்.

அடுத்த கோடையிலேயே ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக மேலே ஏறியது. யாரும் பதறவில்லை. எங்கள் ஊரில் அதற்கு வெயில் கோடு என்று பெயர். எல்லா வீட்டிலும் உண்டு. பங்குனியில் வாய் திறக்கும், ஆடியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து வயல் நனைந்தால் தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொள்வதால் அது நோயில்லை என்று முடிவு.

“எங்க வீடு கோடைக்குக் கொட்டாவி விடும். ஆடியில வாய மூடிக்கும்” என்று அத்தான் வருகிறவர்களிடம் சிரிப்புக் காட்டுவார். அக்கா, விரிசலின் மேல்பாதி தெரியாமல் ஆண்டவர் படத்தை நகர்த்தி மாட்டினாள்.

*

அவரிடம் வேறு சில பழக்கங்களும் இருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாதவை.

வேலை நடக்கும் இடத்தில் கூரைத் தளத்துக்குக் கீழே யாரையும் சாப்பிட விடமாட்டார். வெளியே நிழல் இல்லாவிட்டாலும் வெயிலில் துண்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடச் சொல்வார். தளம் போட்டு நாளாகி, அதைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கும் அன்று எல்லோரையும் ரோட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் உள்ளே போவார். ஒவ்வொரு கம்பமாக விழும் சத்தம் வெளியே கேட்கும். கடைசிக் கம்பம் விழுந்தபின் வெளியே வரும்போது முகம் முழுவதும் நனைந்திருக்கும். “ஒண்ணுமில்ல, தூசி” என்பார். புதுமனை புகும் நாளில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். சாப்பாட்டுக்கு உள்ளே கூப்பிட்டால் வரமாட்டார். பந்தலிலேயே இலையை வாங்கிக்கொள்வார். அடக்கமான மனிதர் என்று பெயர்.

ஒரு கார்த்திகை மழையில் நான் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். சாலையோரப் புளியமரத்தடியில், தொப்பலாக நனைந்தபடி மேஸ்திரி நின்றிருந்தார்.

“என்ன மேஸ்திரி, இப்படி நனையிறீங்க?”

“மழ வுடட்டும்னு நிக்கிறேன் டீச்சர்.”

பத்தடி தள்ளி டீக்கடை இருந்தது. கூரை ஒழுகாத கடை. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே, ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் கட்டிய மஞ்சள் வீடு. மாடியிலிருந்து தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டிச் சுவர் ஓரத்தில் தேங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் யாரோ டிவி போட்டிருந்தார்கள். பாட்டுச் சத்தம் ரோடு வரை கேட்டது.

நான் குடையை நீட்டினேன். “வேணாம் டீச்சர். நீங்க போங்க” என்றார். குரல் நடுங்கியது. குளிர் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

*

பிறகு எனக்கே வீடு கட்டும் காலம் வந்தது. அக்கா வீட்டுக்கு இரண்டு வயல் தள்ளி மனை. அதுவும் நெல் விளைந்த நிலம்தான். என் கணவர் குவைத்தில் இருந்தார். கட்டி முடிக்க வேண்டியவள் நான் ஒருத்தி.

இஞ்சினியர் வைப்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. என் கணவர் போனில் வேண்டாம் என்றார். அத்தான் அதைச் சிரித்தே தீர்த்துவிட்டார்.

“மேஸ்திரி இருக்கும்போது இஞ்சினியர் எதுக்கு? வருவான், லேப்டாப்ப தொறப்பான், ஹாலுக்கு நட்டநடுவுல ஒரு தூண வரைவான். நீ அந்தத் தூண சுத்திச் சுத்தி வந்து பூசை வைக்கணும்.”

“இல்ல அத்தான், ஒரு தடவ காட்டிக்கலாம்னு...”

“காட்டுனா மேஸ்திரி மூஞ்சில கரிய பூசுன மாதிரி. அப்புறம் அவரு மட்டுமில்ல, இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு கொத்தனும் ஒன் மனைய மிதிக்கமாட்டான்.”

அது உண்மை. எங்கள் ஊரில் இஞ்சினியரைக் கூட்டி வருவது மேஸ்திரியை நம்பவில்லை என்று தண்டோரா போடுவது போல. மேஸ்திரிகளும் தொழிலைப் பற்றி யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடும். நான் நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ‘வைக்கலாம்’, வலப்பக்கம் ‘வேண்டாம்’ என்று எழுதினேன். வலப்பக்கம் ஏழு காரணங்கள் சேர்ந்தன. இடப்பக்கம் ‘பயமாக இருக்கிறது’ என்று மட்டும்.

மாசியில் மேஸ்திரியைக் கேட்டேன். “பாக்கலாம் டீச்சர்” என்றார். பங்குனியில் கேட்டேன். வேறு வேலை இருப்பதாகச் சொன்னார். சித்திரையில் மனைக்கே கூட்டிப்போனேன். வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி நடந்தார். கடப்பாரையைக் கையில் எடுக்கவில்லை.

“தண்ணி வந்துடட்டும் டீச்சர். அப்புறம் பேசுவோம்.”

அத்தான் இதைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். “தண்ணி வந்தப்புறம் எவனாச்சும் கடைக்கால் வெட்டுவானா? மேஸ்திரிக்கு வயசாயிடுச்சு.”

அன்று மாலைதான் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன்.

*

அந்த ஆண்டு ஆடிப்பெருக்கு கழிந்து நாலாம் நாள் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் மேஸ்திரி அக்கா வீட்டுக்கு வந்தார். அத்தான் உரக்கடைக்குப் போயிருந்தார். அக்கா தண்ணீர் எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள். நான் ஹாலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“படத்துல ஒட்டடையா இருக்கு டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே ஆண்டவர் படத்தின் கீழ்விளிம்பைத் தூக்கினார். ஒட்டடை எதுவும் இல்லை. நான் எழுந்து அவர் பின்னால் போய் நின்றேன்.

படத்துக்குப் பின்னால் சுவரில் பென்சில் கோடுகள். விரற்கடை நீளத்தில், ஏணிப்படிபோல் ஒன்றின்மேல் ஒன்றாக. வெயில் கோடு எதுவரை ஏறியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அவர் வைத்த அடையாளம். எண்ணினேன். பதினேழு. பதினேழாவதைத் தாண்டி விரிசல் தளத்தைத் தொட்டிருந்தது. மேஸ்திரி கட்டைவிரல் நகத்தை அதில் வைத்தார். நகம் உள்ளே போனது.

வாய்க்கால் நிரம்பி, வயலெல்லாம் ஊறி, மற்ற வருடங்களில் மயிரிழையாக ஒட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது.

“மூடலையே மேஸ்திரி.”

“மூடல.”

அவர் படத்தை மெதுவாக விட்டார்.  நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். “என் வீட்டுக்கு இஞ்சினியர் வைக்கணுமா? நீங்களே சொல்லுங்க.”

“வைங்க டீச்சர்.” கொல்லைப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “நான் சொன்னேன்னு மட்டும் யாருட்டயும் சொல்லிடாதீங்க. முப்பத்திநாலு வீட்லயும் ஒருத்தரும் தூங்கமாட்டாங்க.”

“அப்ப இந்த வீடு?”

“இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும். சில வருசம் மெதுவா மூடும்.”

“எந்த வருசம் அப்படி மூடிச்சு?”

அவர் பதில் சொல்வதற்குள் அக்கா சொம்போடு வந்துவிட்டாள். அவர் வாங்கிக் குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் வழிந்தது. அக்கா சிரித்தாள். “மெதுவா குடிங்க மேஸ்திரி, யாரும் புடுங்கிக்கமாட்டாங்க.”

நான் மறுபடி விடைத்தாள்களின் முன்னால் உட்கார்ந்தேன்.

அந்தச் சுவர் ஓரத்தில்தான் அக்கா மகள் ஜெனியின் கட்டில். கல்லூரி முடிந்து வந்தால் அதில் சாய்ந்துகொண்டு, கால்களைச் சுவரில் தூக்கிவைத்துப் படிப்பாள். அடுத்த நாளிலிருந்து நான் ஏதேதோ சாக்குச் சொல்லி அவளை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். துணைக்கு ஆளில்லை என்றேன். தலைவலி என்றேன். ஏழாம் நாள் அக்காவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“ஒன் புருசன் குவைத்து போயி எட்டு வருசமாச்சு. இப்பதான் பயம் வந்துச்சாக்கும்? எம்புள்ள எங்க வீட்லதான் இருப்பா.”

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போனேன். ஒருமுறை அக்கா கோழிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை ஜெனிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டினாள். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மேஸ்திரியைத் திட்டுவார்கள், என்னைத் திட்டுவார்கள், கடைசியில் தண்ணீர் வந்தும் மூடாததற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டு அங்கேயே இருப்பார்கள். அப்படி ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். மழை பெய்த நாட்களில் வகுப்பில் கணக்குப் போடும்போது கரும்பலகையில் கை நின்றுவிடும். வடமேற்கே பார்ப்பேன். அந்தத் திசையில்தான் அக்கா வீடு.

*

இஞ்சினியர் பட்டுக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயதுகூட இருக்காத பெண். மேஸ்திரி வந்து நின்றார். “டீச்சர் வீட்டுக்காரரு குவைத்துலேருந்து கண்டிசனா சொல்லிட்டாராம், நம்ம என்ன பண்றது” என்று ஊருக்குள் அவரே ஒரு கதையைக் கட்டியிருந்தார். என் வீட்டை இஞ்சினியர் சொல்கிறபடி அவர் கட்டுவதாக ஏற்பாடு.

அந்தப் பெண் வரைபடம் எதையும் விரிக்கவில்லை. முதலில் ஆறடிக்கு ஒரு குழி வெட்டச் சொன்னார். மேலே கொஞ்சம் இறுக்கம். இரண்டடிக்குக் கீழே மண்வெட்டியில் மண் அல்வாபோல் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் ஒரு உருண்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். முறுக்குப் பிழிந்ததுபோல் மெல்லிய இழையாக வந்தது. அதை விரலில் மோதிரமாகச் சுற்றினார். அறுபடவில்லை.

“பாருங்கண்ணே. இது கோடையில சுருங்கும், தண்ணி வந்தா உப்பும். மூணடிக் கடைக்கால வருசாவருசம் தூக்கித் தூக்கி வைக்கும். இந்த ஆட்டம் இல்லாத மண்ணு வர்ற வரைக்கும் நாம கீழ போயிடணும்.”

மேஸ்திரி குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பிறகு தலையிலிருந்த உருமாலை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கலாமாம்மா?”

வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“கேளுங்கண்ணே.”

“வெயில் கோடு தண்ணி வந்தா மூடிக்கும். மூடலன்னா?”

“மூடலன்னா அந்தச் செவுத்து மூலை பழைய எடத்துக்குத் திரும்பி வரல, வெளியவே போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம். எந்த வீட்ல?”

அவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு வயலுக்கு அப்பால் தெரிந்த அக்கா வீட்டு மாடித் தொட்டியைப் பார்த்தேன்.

“தண்ணி வந்து எத்தனை நாளாச்சு?” என்றார் அந்தப் பெண்.

“முப்பத்தொண்ணு” என்றேன்.

“அந்த வீட்ல ஆளு இருக்காங்களா?”

கேட்டபடியே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

*

வரப்பில் வரிசையாக நடந்து போனோம். அத்தான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “வாங்க வாங்க, ஹால்ல தூணு எங்க வருது?” என்று சிரித்தார். யாரும் சிரிக்காததைப் பார்த்துப் பேப்பரை மடித்தார்.

இஞ்சினியர் மேஸ்திரியிடம் தூக்குக்குண்டு கேட்டு வாங்கினார். மாடியிலிருந்து வயல்பக்க மூலையில் நூலைத் தொங்கவிட்டார். மேலே சுவருக்கும் நூலுக்கும் ஒரு விரல் இடைவெளி. கீழே நான்கு விரல். மூலை வெளியே சாய்ந்திருந்தது.

“இந்த மூலை மேலதான் தளம் உக்காந்திருக்கு. இன்னிக்கே காலி பண்ணிடுங்க சார். முட்டுக் குடுத்துட்டு அப்புறம் என்ன செய்யலாம்னு பாப்போம்.”

“காத்துக்கு நூலு ஆடுது” என்றார் அத்தான்.

“காத்தே இல்ல சார்.”

“இந்தா பாரும்மா. பொண்ணுக்கு எடம் பாத்துக்கிட்டிருக்கோம். தையில பேசி முடிக்கணும். வீடு விழப்போவுதுன்னு ஊர்ல ஒரு பேச்சு வந்தா எவன் வாசப்படி ஏறுவான்? மழ முடியட்டும். பாத்துக்கலாம்.” பிறகு மேஸ்திரியிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க மேஸ்திரி. நீங்க கட்டுனது. இதெல்லாம் வெயில் கோடுதானே?”

மேஸ்திரி உள்ளே போனார். ஆண்டவர் படத்தை இரண்டு கையாலும் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஜெனி கட்டிலிலிருந்து இறங்கி நின்றாள்.

“இது என்னா கோடு?” என்றார் அத்தான்.

“நான் போட்டது.”

“எப்ப?”

“வரும்போதெல்லாம்.”

அத்தான் எண்ணவில்லை. ஆனால் புரிந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. “ஒம்பது வருசமா தெரிஞ்சுக்கிட்டே வந்து வந்து பாத்துட்டுப் போயிருக்கே நீ.”

அந்த ‘நீ’ எனக்கே சுருக்கென்றது. மேஸ்திரி அதை வாங்கிக்கொண்டார்.

அக்கா மெல்லக் கேட்டாள். “அப்ப தண்ணி கேட்டதெல்லாம் தாகத்துக்கு இல்லையா மேஸ்திரி?”

 மேஸ்திரி சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். வயல்பக்கம் சுவரில் அவர் ஒவ்வொரு ஆண்டும் பூசிய சிமெண்டைக் கொத்தும் சத்தம் கேட்டது. “மெதுவாண்ணே, மெதுவா” என்று இஞ்சினியர் பதறிக்கொண்டு ஓடினார். ஒரு பூச்சு விழுந்தது. அதற்குள் இருந்த இன்னொரு பூச்சு விழுந்தது. பிறகு உள்ளே, கோட்டின் நடுவில், ஊசி நுழைவதுபோல் வெளிச்சம் வந்தது. அது கீழிருந்து மேலாக நீண்டது.

ஜெனி குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

“அம்மா, வயலு தெரியுது.”

அக்கா ஆண்டவர் படத்தை அவள் கையில் திணித்தாள். “நீ ரோட்டுக்குப் போ. உள்ள வராத.” பிறகு அடுப்பங்கரைக்குள் போய்ப் பாத்திரங்களை எடுக்க ஆரம்பித்தாள். அத்தானை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

*

அந்த மூலை ஐப்பசியில், அடைமழையின் மூன்றாம் நாள், பகல் பதினொன்றேகாலுக்கு இறங்கியது. மேஸ்திரி கொடுத்திருந்த சவுக்கு முட்டுகள் தளத்தைப் பாதி தாங்கின. மற்ற பாதி, கட்டில் இருந்த இடத்தில் விழுந்தது. வீட்டில் யாரும் இல்லை. அக்கா குடும்பம் என் வாடகை வீட்டில் இருந்தது.

அதன்பிறகு மேஸ்திரி இஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு மற்ற முப்பத்து மூன்று வீடுகளுக்கும் போனார். பதினோரு வீட்டில் உள்ளே விட்டார்கள். மற்றவர்கள் வாசலிலேயே நிறுத்தி, “எங்க வீட்ல கோடு மூடிடுச்சு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்குப் பிறகு அவரைத் தனியாக நம்பி யாரும் வீடு கொடுக்கவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உள்ளே விடாத அந்த இருபத்து இரண்டு வீடுகளிலும் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். பங்குனியில் தெருவில் நடக்கும்போது, அந்தச் சுவர்களைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வீடு காலி செய்த அந்தச் சாயங்காலம். பாத்திரமும் துணியும் போய்விட்டன. ஹாலில் இரும்பு பீரோ மட்டும் பாக்கி. அத்தான் தனியாக அதைத் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. வெளியே முட்டுக்குக் கம்பம் அறுத்துக்கொண்டிருந்த மேஸ்திரி வந்து, கேட்காமலே மறுபக்கம் பிடித்தார். அவர் கட்டிக் கொடுத்த தளத்துக்குக் கீழே, அவர் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். இருவரும் மூச்சுப் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். மூலையிலிருந்து பொடி உதிர்ந்து மேஸ்திரியின் தோளில் விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பாத்து. வாசப்படி வருது” என்றார்.

“தெரியும்” என்றார் அத்தான். “என் வீடு.”